ஏரிகளின் நீர்மட்டத்தோடு அவற்றின் வரலாறும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் நிலவரத்தைத் தங்கள் நாளிதழ் தவறாமல் ஒரு சிறு கட்டத்தில் வெளியிட்டு வருகிறது. பூண்டி, சோழவரம், புழல், கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகை, செம்பரம்பாக்கம் என்று ஐந்து பெயர்கள். மொத்தக் கொள்ளளவான 11,757 மில்லியன் கன அடியில் இன்றைய இருப்பு, வரத்து, வெளியேற்றம். காலையில் நான் முதலில் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான். இந்த ஏரிகள் எப்போது, யாரால், எதற்காக நம் குடிநீரோடு இணைக்கப்பட்டன என்பதும் வாசகர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக உண்டு. அதை இப்போது எழுத வைத்தது எங்கள் தெருவில் தோண்டிய ஒரு பள்ளம்.

புரசைவாக்கத்தில் நான் குடியிருக்கும் தெருவில் சில வாரங்களுக்கு முன்பு குடிநீர்க் குழாய் மாற்றும் வேலை நடந்தது. இடுப்பளவு ஆழத்தில் ஒரு வார்ப்பிரும்புக் குழாய் வெளிப்பட்டது. இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் சணலைத் திணித்து, அதன்மேல் உருக்கிய ஈயத்தை ஊற்றி அடைத்திருந்தார்கள். வேலை செய்த மேஸ்திரி உளியால் துருவைச் சுரண்டிவிட்டு, “இது வெள்ளைக்காரன் காலத்துக் குழாய் சார். உள்ளே பாதி துரு அடைச்சுக்கிச்சு, ஆனா ஈயம் இன்னும் கெட்டியா நிக்குது” என்றார். வெட்டியெடுத்த துண்டின் வாயில் கையை விட்டுப் பார்த்தேன். ஆறு அங்குலக் குழாய்க்குள் என் கைமுட்டி நுழையவில்லை. மாலைக்குள் அந்தத் துண்டுகள் லாரியில் ஏற்றப்பட்டுப் போய்விட்டன. அந்தக் குழாய் எந்தத் திட்டத்தின்கீழ் பதிக்கப்பட்டது என்று சொல்ல எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை.

சென்னையின் முதல் குடிநீர் ஏற்பாடு ஊர் மக்களுக்காகச் செய்யப்பட்டதன்று. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் நல்ல தண்ணீர் கிடையாது. ஆகவே 1772-ல் கேப்டன் பேக்கரின் திட்டப்படி, கோட்டைக்கு வடமேற்கே, நடந்து போகும் தூரத்தில், மணற்பாங்கான நிலத்தில் கிணறுகள் தோண்டிக் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டு சென்றார்கள். அந்த இடம்தான் ஏழுகிணறு. வள்ளலார் தம் இளமைக் காலத்தைக் கழித்த வீராசாமித் தெருவும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. ஊரின் பெயரிலேயே நீர்வழங்கலின் வரலாற்றைச் சுமந்துகொண்டிருக்கும் பகுதி அது. ஆனால் அங்கே பேருந்தில் ஏறி இறங்கும் பலர் அதை வெறும் நிறுத்தத்தின் பெயராகத்தான் அறிவார்கள்.

ஊர் மக்கள் அப்போது தத்தம் வீட்டுக் கிணற்றையும் கோயில் குளத்தையும் நம்பியே இருந்தார்கள். 1818-ல் பஞ்சம் வந்தபோது, சென்னைக் கலெக்டராக இருந்த எல்லிஸ் நகரில் 27 கிணறுகள் தோண்டச் செய்தார். இராயப்பேட்டையில் பெரியபாளையத்தம்மன் கோயில் கிணற்றருகே இருந்த அவருடைய தமிழ்க் கல்வெட்டு அதைச் சொல்கிறது. நாட்டுக்கு உறுப்பு எவை என்று கூறும் குறளை அதில் எடுத்துக்காட்டி, அந்தக் குறளின் பொருளை அறிந்து இதைச் செய்ததாக எழுதுவித்திருக்கிறார் அந்த அதிகாரி. அந்தக் குறள் இருபுனல் என்று தொடங்குகிறது. நிலத்துக்குக் கீழே ஊறும் நீரும் வானத்திலிருந்து விழும் நீரும் அரணுக்கு நிகராக வைத்து எண்ணப்பட்ட மண் இது. அந்தக் கல் இன்று மதுரை திருமலை நாயக்கர் மகாலில் இருக்கிறது. அது சொல்லும் கிணறுகளில் எத்தனை மிஞ்சியிருக்கின்றன என்பதை யாராவது தெருத் தெருவாகப் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பது என் ஆசை.

பொதுமக்களுக்கான குழாய்த் தண்ணீர் 1872-ல் வந்தது. பொறியாளர் ஃப்ரேசர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வகுத்திருந்த திட்டம் எளிமையானது. தாமரைப்பாக்கத்தில் கொசஸ்தலையாற்றின் குறுக்கே அணை கட்டி, வெள்ள நீரைச் சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்பி, புழலிலிருந்து திறந்த கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவருவது. அங்கிருந்து பம்பு எதுவும் இல்லாமல், நிலச் சரிவின் துணையாலேயே வார்ப்பிரும்புக் குழாய்களில் தண்ணீர் நகருக்குள் போயிற்று. நகரில் அப்போது சுமார் நான்கு லட்சம் பேர் வாழ்ந்தார்கள். ஆனால் வந்தது வடிகட்டாத ஏரித் தண்ணீர். திறந்த கால்வாயில் மாடு இறங்கினாலும் மழையில் கரைமண் கரைந்தாலும் அது அப்படியே குடத்துக்கு வந்து சேரும். இந்த நிலை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது.

அதை மாற்றியவர் மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளர் மேட்லி. தியாகராய நகரில் மேட்லி சாலையையும் மேட்லி சுரங்கப்பாதையையும் தெரியாதவர் இல்லை. ஆனால் அந்த மேட்லி யார் என்று கேட்டால் பதில் வருவது அரிது. புழலிலிருந்து வரும் திறந்த கால்வாய்க்குப் பதிலாக மூடிய செங்கல் கால்வாய், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், தண்ணீரை அழுத்தத்தோடு அனுப்ப நீரேற்று நிலையம் என அவர் வகுத்த அமைப்பு 1914-ல் பயன்பாட்டுக்கு வந்தது. அந்த வடிகட்டிகளின் தத்துவம் இன்றைக்கும் வியப்புக்குரியது. கூழாங்கல்லின் மேல் மணலைப் பரப்பி அதன் வழியே தண்ணீரை மெல்லக் கசியவிட்டால், சில நாள்களில் மணலின் மேற்பரப்பில் ஒரு வழவழப்பான உயிர்ப்படலம் தானாக உருவாகிறது. கிருமிகளைப் பெரும்பாலும் பிடித்து அழிப்பது அந்தப் படலமே. மருந்தில்லாமல், இயந்திரமில்லாமல், பொறுமையை மட்டும் கேட்கும் முறை அது.

மேட்லியின் கணக்கைத்தான் நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். 1961-ல் சென்னையில் 6.6 லட்சம் மக்கள் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 கேலன், அதாவது சுமார் 115 லிட்டர் வேண்டும் என்று வைத்து அவருடைய திட்டம் வகுக்கப்பட்டது. ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்கூட்டியே யோசித்த அந்தத் தொலைநோக்கை நான் மதிக்கிறேன். ஆனால் 1961 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இடையில் மாநகராட்சியின் எல்லையும் விரிந்திருந்தது. கணித்ததைப் போல இரண்டரை மடங்குக்கும் அதிகமான மக்களுக்கு அதே குழாய்கள் தண்ணீர் தர வேண்டியிருந்தது.

அதன் விளைவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அறுபதுகளில் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டு வாசலில் குழாய் தரைக்கு மேலே இல்லை. அழுத்தம் குறையக் குறையத் தண்ணீர் மேலே ஏறாது என்பதால், மூன்றடிக்குப் பள்ளம் பறித்துக் குழாயை அதற்குள் இறக்கியிருந்தார்கள். விடியுமுன் அம்மா அந்தப் பள்ளத்தில் இறங்கி, குழாயின் வாயில் சொம்பைப் பிடித்துச் சொம்பு சொம்பாகக் குடத்தில் ஊற்றுவார். நான் மேலே நின்று நிறைந்த குடத்தை வாங்குவேன். மழை நாளில் தெருத் தண்ணீர் அதே பள்ளத்தில் தேங்கும். குழாயில் நீர் வராத நேரத்தில் உள்ளே வெற்றிடம் உண்டாகி, பள்ளத்து அழுக்கைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. எத்தனை வீடுகளில் அதனால் வயிற்றுப்போக்கு வந்திருக்கும் என்று இப்போது நினைத்தாலும் மனம் பதறுகிறது.

இடையில் நடந்த பெரிய காரியம் பூண்டி. 1940-ல் சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது, உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில், கொசஸ்தலையாற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்ட அடிக்கல் நாட்டப்பட்டது. 1944-ல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. இன்று பூண்டிக்குச் சத்தியமூர்த்தி சாகர் என்ற பெயர் இருப்பது நியாயமானது. தங்கள் கட்டத்தில் முதலில் வரும் பெயருக்குப் பின்னால் அப்படியொரு மனிதரின் விடாமுயற்சி இருக்கிறது.

1978 வரை குடிநீர் மாநகராட்சியின் பொறுப்பு. முதியவர்கள் இன்றும் கார்ப்பரேஷன் தண்ணீர் என்று சொல்வது அதனால்தான். சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் 1978 ஆகஸ்டு 1 அன்று செயல்படத் தொடங்கி, மாநகராட்சியின் குடிநீர்ப் பணிகளை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு தண்ணீர் வரும் தூரம் நீண்டுகொண்டே போயிற்று. மூன்று மாநிலங்கள் ஆளுக்கு 5 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது ஆயிரம் மில்லியன் கன அடி) தர 1976-ல் ஒப்புக்கொண்ட கிருஷ்ணா நீர், கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து சுமார் 177 கிலோமீட்டர் கால்வாய் வழியாக 1996-ல் பூண்டியை அடைந்தது. கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியின் தண்ணீர் 235 கிலோமீட்டர் குழாய் வழியாக 2004-ல் வந்தது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் வருத்துவது மீஞ்சூர். அறுபதுகளின் இறுதியில் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் நிலத்தடியில் நல்ல நீர் வளம் இருப்பது ஆராய்ந்து அறியப்பட்டு, அங்கே ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து நகருக்கு நீர் எடுத்தார்கள். விவசாயத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் சேர்த்து அளவுக்கு மீறி உறிஞ்சியதில், நன்னீர் இறங்கிய இடத்துக்குக் கடல் நீர் உள்ளே வந்தது. வயல் கிணறுகள் உப்பாயின. பிறகு 2010-ல் அதே மீஞ்சூர்க் கடற்கரையில் காட்டுப்பள்ளியில், கடல்நீரிலிருந்து நாளுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையை நிறுவினோம். ஆலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; 2019-ல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த நாள்களை அனுபவித்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். ஆனால் ஓர் ஊரின் நன்னீரை நாமே இழந்துவிட்டு, அதே ஊரின் கடலிலிருந்து மின்சாரம் செலவழித்து நன்னீர் எடுக்கிறோம் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அருகில் இருக்கும் நீரைக் காக்காமல் தொலைவில் இருக்கும் நீரைத் தேடியதை மறந்துவிட்டால், மிஞ்சியிருக்கும் கிணறுகளையும் குளங்களையும் அதே வழியில் இழப்போம்.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஏரிகளின் நிலவரக் கட்டத்துக்குக் கீழே வாரம் ஒரு முறையாவது, ஓர் ஏரியைப் பற்றியோ ஒரு பழைய நீர்நிலையத்தைப் பற்றியோ நான்கு வரி சேர்த்து வெளியிடத் தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். மற்றொன்று குடிநீர் வாரியத்துக்கு. கீழ்ப்பாக்கம் நீர்நிலையத்தில் பாதுகாப்புக்குக் குறைவில்லாமல் ஒரு சிறு கட்டடத்தை ஒதுக்கி, பழைய வரைபடங்கள், வால்வுகள், குழாய்கள், மணல் வடிகட்டியின் மாதிரி ஆகியவற்றை அங்கே வைத்து, மாதத்தில் ஒரு சனிக்கிழமை பள்ளி மாணவர்களை அழைத்துக் காட்ட வேண்டும். பணியில் இருக்கும் பொறியாளர் ஒருவரே விளக்கிச் சொன்னால் போதும். பெரிய செலவு பிடிக்கும் காரியமன்று.

அன்று லாரியில் துண்டுகளை ஏற்றும்போது, மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு, ஈயம் ஊற்றிய மூட்டு ஒன்றை மட்டும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். இரண்டு பேர் சேர்ந்துதான் அதைத் தூக்கி என் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவர முடிந்தது. கீழ்ப்பாக்கத்தில் அப்படி ஓர் இடம் அமையுமானால், அதை என் செலவில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
புரசைவாக்கம், சென்னை.