கெல்லி பண்ணைவீட்டு இரவுக்குத் தோள்கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். சிங்கப்பூரில் நம் சமூக மன்ற மேடையில் எங்கள் கெல்லி பண்ணைவீட்டு இரவு நாடகம் நல்லபடியாக அரங்கேறிவிட்டது. பார்த்தவர்கள் நடிகர்களைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். திரைக்குப் பின்னால் மாங்கு மாங்கென்று உழைத்தவர்களுக்காக இந்த மடல்.

வராதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1955 ஆகஸ்ட் 21 இரவு, அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் கெல்லி என்ற சிற்றூர். சட்டன் குடும்பத்தின் பண்ணைவீட்டுக்கு விருந்தாளியாக வந்திருந்த பில்லி ரே டெய்லர் தண்ணீர் இறைக்கக் கிணற்றடிக்குப் போனார். வானத்திலிருந்து பளீரென்று ஏதோ இறங்கியதாகச் சொல்லிக்கொண்டு ஓடிவந்தார். யாரும் நம்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மூன்றரை அடி உயரத்தில், பெரிய காதும் ஒளிரும் கண்ணுமாக, இரண்டு கையையும் தூக்கியபடி ஓர் உருவம் வீட்டை நோக்கி வந்ததாம். துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள்.

முதல் நன்றி செம்பவாங் தாத்தாவுக்கு. எங்கள் பிள்ளைகள் அடுக்குமாடியில் பிறந்தவர்கள். வீட்டு வாசலிலேயே விடிய விடிய விளக்கெரியும். டெய்லராக நடித்த தம்பி வாளியைக் குழாயடியில் பிடிப்பதுபோல் பிடித்தான். கம்பத்தில், அதாவது அந்தக்காலக் கிராமத்தில், வளர்ந்த தாத்தா எழுந்து வந்தார். வாளி கவிழ்ந்து தண்ணீர் மொள்ள மேலிருந்தபடியே கயிற்றை எப்படிச் சுண்டுவது, கைமாற்றி இழுக்கும்போது காலை எங்கே ஊன்றுவது என்று செய்து காட்டினார். கிணறே இல்லாத மேடையில் கிணறு தெரிந்தது. அரிக்கேன் விளக்கும் அவருடையதுதான்.

வேற்றுக்கிரகவாசி என்றால் பச்சைதானே என்று எங்களில் பலர் பச்சைத் துணி கேட்டோம். தையல் அக்கா அசையவில்லை. பச்சை என்பது பத்திரிகைகள் பூசிய சாயம், அந்தக் குடும்பம் சொன்னது வெள்ளிப் பளபளப்பு என்று படித்துவிட்டு வந்திருந்தார். தேக்காவில் கடை கடையாக ஏறி இறங்கி வெள்ளி நிறத் துணி எடுத்தவரும் அவரே. காது தொய்ந்து தொங்கியபோது உள்ளே மெல்லிய கம்பி கோத்து, முனையைப் பஞ்சால் சுற்றித் தைத்தார், குழந்தைகளுக்குக் குத்தக்கூடாதாம்.

பறவை பார்க்கும் நண்பருக்குத் தனி நன்றி. அன்று வந்தவை கொம்பு ஆந்தைகளாக இருக்கலாம் என்பது ஜோ நிக்கல் என்ற ஆய்வாளரின் வாதம். அதைச் சோதிக்கலாமே என்று எங்களைச் சாங்கி முனையிலிருந்து படகேற்றி, புலாவ் உபின் தீவில் ஓர் இரவு தங்கவைத்தார். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டி, ஒரு நொடிதான் அடித்தார். கிளையில் ஒரு மீன் ஆந்தை. அந்தக் கண் இரண்டும் கனன்றதில் எங்கள் 'வீரர்கள்' என் முதுகுக்குப் பின்னால் போய்விட்டார்கள்! திரும்பும் வழியெல்லாம் சண்டை. கொம்பு ஆந்தை சுமார் 2 அடிதானே, மூன்றரை அடி எப்படி வந்தது என்று ஒரு கட்சி. பயத்தில் எல்லாம் பெரிதாகத்தான் தெரியும் என்று இன்னொரு கட்சி. நான் ஆந்தைக் கட்சி.

ஆனாலும் அந்தக் குடும்பத்தைக் கோமாளியாக்கக் கூடாது என்று நின்றவர், தாய் கிளென்னி லாங்க்ஃபோர்ட்டாக நடித்த ஆன்ட்டி. அந்த வீட்டில் மதுவுக்கு இடமில்லை. குடும்பமே காரேறி ஹாப்கின்ஸ்வில் காவல் நிலையத்துக்கு ஓடியது. தேடிப் பார்த்த போலிசாருக்கு எதுவும் அகப்படவில்லை என்றாலும், இவர்கள் நிஜமாகவே அரண்டுபோயிருந்தார்கள் என்பதில் காவல்துறைத் தலைவருக்கே சந்தேகமில்லை. "நான் சிரிப்புக்காக அலற மாட்டேன்" என்று சொல்லிவிட்டார் ஆன்ட்டி. அவர் அலறியபோது கடைசி வரிசையில் ஒரு பாப்பா அழுதது. அந்தப் பாப்பாவின் பெற்றோருக்கு எங்கள் வருத்தமும் நன்றியும்.

ஒத்திகைக்குத் தவறாமல் பரோட்டா அனுப்பிய கடைக்கார அண்ணனுக்கு, மீன்குழம்புப் பாத்திரம் இன்னும் எங்களிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தருகிறோம்.

அன்புடன்,
நாடகக் குழுவினர் சார்பில், ஒருங்கிணைப்பாளர்