லாங்ஹவுஸைக் கட்டியவர்களுக்கும் காப்பவர்களுக்கும் ஒரு நன்றி மடல்

வான்கூவரில் உள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நூலகவியல் படிப்பை முடித்துவிட்டு ஊர் திரும்பப் போகிறேன். பேராசிரியர்களுக்கும் அறைத் தோழிகளுக்கும் நேரில் நன்றி சொல்லியாயிற்று. இந்த மடல் வேறு சிலருக்கு. அவர்களில் பெரும்பாலோரை நான் பார்த்ததே இல்லை. வளாகத்தின் மேற்குப் பக்கம் சிடார் மரத்தால் ஒரு லாங்ஹவுஸை எழுப்பி, 1993 மே மாதம் அதன் கதவைத் திறந்து வைத்தவர்கள் அவர்கள்.

வடமேற்குக் கரையோரத்துப் பூர்வகுடிகள் பல குடும்பங்களாகச் சேர்ந்து வாழ்ந்து, விழா எடுத்து, வழக்குத் தீர்த்த நீண்ட மர வீடுதான் லாங்ஹவுஸ். அந்த வடிவத்தில் ஒரு கல்வி மையம் பல்கலைக்கழகத்துக்குள் நிற்கிறது. இங்கே படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலர் அதன் வாசலைத் தினமும் கடந்துபோகிறார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே. தமிழில் எழுத அதுவும் ஒரு காரணம்.

முதல் நன்றி மஸ்குவியம் மக்களுக்கு. இந்த வளாகம் முழுவதும் அவர்கள் மண். எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் அதை எழுதிக் கொடுத்ததில்லை. அந்த மண்ணில் நான் படித்தேன், சம்பாதித்தேன், பனியில் நடக்கப் பழகினேன். 1876இல் கனடா இயற்றிய இந்தியர் சட்டத்தின்படி (அங்கே 'இந்தியர்' என்றது பூர்வகுடிகளைத்தான்), பூர்வகுடி ஒருவர் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கினால் சட்டத்தின் கண்ணில் அவர் அதோடு பூர்வகுடி இல்லை. படிப்பு வேண்டுமா, சொந்த சனம் வேண்டுமா என்று கேட்ட சட்டம் அது. 1885 முதல் 1951 வரை பொட்லாட்ச் என்னும் அவர்களுடைய பெருவிழாவை நடத்துவதே குற்றம். பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போன உறைவிடப் பள்ளிகளில் கடைசியானது மூடப்பட்டது 1990களில்தான். இவ்வளவும் நடந்த நாட்டில், ஒரு பல்கலைக்கழகத்துக்குள் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டி, வந்தவர்களையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்க எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

அடுத்து, 1974இல் பூர்வகுடி ஆசிரியர்களுக்கான பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியவர்களுக்கு. அப்போது இந்த மாகாணத்தில் ஏறத்தாழ 23,000 ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களில் பூர்வகுடிகள் வெறும் 26 பேர். திட்டத்தில் சேர்ந்தவர்கள் முதல் ஆண்டுகளைத் தங்கள் ஊருக்குப் பக்கத்து மையங்களிலேயே படிக்கலாம் என்று வழி செய்தார்கள். வீட்டைவிட்டுப் பிரித்துப் படிக்கவைத்ததன் கொடுமையை அனுபவித்த சமூகத்துக்கு அந்த ஏற்பாடு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை. லாங்ஹவுஸின் அஸ்திவாரம் அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

வெர்னா கர்க்னஸ் அம்மையாருக்கு எப்படி நன்றி சொல்வது? மானிட்டோபாவின் ஃபிஷர் ரிவர் கிரீ சமூகத்தில் பிறந்தவர். 1987இல் பூர்வகுடிகளுக்கான கல்வி இல்லம் என்ற அமைப்பு பல்கலைக்கழகத்தில் உருவானபோது அதன் முதல் இயக்குநர். பூர்வகுடி மாணவர்கள் ஏன் பாதியிலேயே போய்விடுகிறார்கள் என்று பல்கலைக்கழகங்கள் அப்போது கேட்டுக்கொண்டிருந்தன. ரே பார்ன்ஹார்ட்டோடு சேர்ந்து 1991இல் எழுதிய கட்டுரையில் அவர் அந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டார். மாற வேண்டியது பல்கலைக்கழகம். மாணவர்களை மதிக்க வேண்டும், அவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்துகிற படிப்பைத் தர வேண்டும், கொடுத்தும் வாங்கியும் கற்பிக்க வேண்டும், தங்கள் கல்வியைத் தாங்களே நடத்தும் பொறுப்பு அவர்கள் கையில் இருக்க வேண்டும். முதல் வகுப்பிலேயே எங்களுக்குக் கொடுத்த கட்டுரை அது. அதில் இருப்பதைத்தான் லாங்ஹவுஸாகக் கட்டிவைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஸ்டோலோ சமூகத்து ஜோ-ஆன் ஆர்ச்சிபால்டுக்கும் என் வணக்கம்.

பத்து லட்சம் டாலர் கொடுத்த ஜாக் பெல்லுக்கும், அரசுப் பணம் வர வழி செய்தவர்களுக்கும், வரைபடம் தந்த லாரி மெக்ஃபார்லண்டுக்கும் நன்றி. பணமும் வரைபடமும் வந்த பிறகும் இது சாதாரண அலுவலகக் கட்டடமாகப் போயிருக்கலாம். அப்படி ஆகாமல் காத்தவர்கள், சமையலறை வேண்டும், குழந்தைகள் காப்பகம் வேண்டும், மூத்தோர் உட்கார ஓர் அறை வேண்டும் என்று கேட்டவர்கள். கைக்குழந்தையோடு படிக்க வரும் தாய்க்கு எது வேண்டும் என்று தெரிந்தவர்கள் கேட்டது அது.

ஸ்டை-வெட்-டன் என்ற பெரிய மண்டபத்துக்குள் நுழைந்தால் கண் முதலில் தூண்களுக்குத்தான் போகும். மஸ்குவியத்தின் சூசன் பாயிண்ட், கிட்சான் சமூகத்து வால்டர் ஹாரிஸ், ஹைஸ்லா சமூகத்து லைல் வில்சன் போன்றவர்கள் செதுக்கியவை. ஹைடா சமூகத்து டான் யோமன்ஸின் கைவேலை மேலே உத்திரங்களில் இருக்கிறது. இந்த மாகாணத்தில் மட்டும் சுமார் 200 பூர்வகுடிச் சமூகங்கள். ஒரே கூரையைத் தாங்க வெவ்வேறு சமூகத்துச் சிற்பிகளைக் கூப்பிட்டது மிகச் சரியான முடிவு. வடக்கே எங்கோ ஒரு கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்கும் இங்கே தன் ஊர்க் கைவேலை ஒன்று கண்ணில் படும். சிற்பிகளே, உங்கள் தூணில் சாய்ந்து தேர்வுக்குப் படித்தவர்களில் நானும் ஒருத்தி.

அப்புறம் நூலகம். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும், என் தொழில் அது.

லாங்ஹவுஸுக்குப் பக்கத்திலேயே, பாதி மண்ணுக்குள் இறங்கிய வட்டக் கட்டடம் அது. கடற்கரையிலிருந்து தள்ளி உள்பகுதியில் வாழும் சாலிஷ் பூர்வகுடிகளின் குழிவீட்டு வடிவம். ஹ்வை-ஹ்வா என்று அதற்குப் பெயர் சூட்டியவர் ஸ்குவாமிஷ் தலைவர் சைமன் பேக்கர். பகுதிநேர உதவியாளராக அங்கே நூல்களை அடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. பெரிய நூலகங்கள் பின்பற்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகப் பகுப்பு முறையில் இந்த மக்களைப் பற்றிய நூல்களில் பெரும்பங்கு அமெரிக்க வரலாறு என்ற பிரிவுக்குள் அகர வரிசையில் போய்விடும். உயிரோடு இருக்கும் மக்கள் எல்லோரும் பழங்காலத்துக்குப் போய்ச் சேர்வார்கள். அண்டை ஊர்க்காரர்களான மஸ்குவியமும் ஸ்குவாமிஷும், பெயரின் முதல் எழுத்து வேறு என்பதாலேயே ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். மோஹாக் சமூகத்து நூலகர் பிரையன் டியர் 1970களில் இதற்கு மாற்றாக ஒரு முறையை உருவாக்கினார். அவர் வழியில் அமைந்த எங்கள் அலமாரிகளில் பக்கத்துப் பக்கத்து மக்கள் பக்கத்துப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஆற்றோரம் ஊர் ஊராகப் போவதுபோல அலமாரி ஓரமாகவே நடந்து போகலாம். நூலகத்தைத் தொடங்கி நடத்திய ஜீன் ஜோசப்புக்கும், இன்று அதே பொறுமையோடு ஒவ்வொரு நூலுக்கும் இடம் பார்த்து வைக்கும் நூலகர்களுக்கும் நான் மாணவி.

இங்கே வருவதற்கு முன் நான் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில் இருளர், தோடர், குறும்பர் பற்றிய நூல்கள் எல்லாம் மானிடவியல் அலமாரியில் இருந்தன. அவர்கள் பாட்டும் அங்கே, மருத்துவமும் அங்கே, நிலவுரிமைப் போராட்டமும் அங்கே. அதில் ஏதோ தவறு என்று எனக்கு முன்பு தோன்றியதே இல்லை. நூலகர்களே, தோன்றவைத்தது நீங்கள். திரும்பிப் போய் முதலில் கை வைக்கப்போவது அந்த அலமாரியில்தான். எந்த நூல் எங்கே இருக்க வேண்டும் என்று அந்த மக்களிடம் கேட்டுவிட்டுத்தான் வைப்பேன்.

கூடப் படித்த பூர்வகுடித் தோழர்களுக்கு என்ன சொல்ல? சேர்ந்து சாப்பிட்டோம். என் ரசத்தைக் குடித்துப் பார்த்தீர்கள், உங்கள் சால்மன் சூப்பை எனக்கு ஊற்றினீர்கள். விழா நாட்களில் எது விருந்தாளிகள் இருந்து பார்க்கலாம், எது உங்களுக்கு மட்டுமானது, எங்கே படம் எடுக்கக் கூடாது என்று முன்கூட்டியே பக்குவமாகச் சொன்னீர்கள். அப்படிச் சொல்லிக்கொடுப்பதும் உழைப்புதான். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் அதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதும் தெரியும். மூத்தோர் அறையில் நான் கேட்டவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றை வெளியே சொல்ல எனக்கு உரிமை இல்லை.

இனி இங்கே படிக்க வரும் தமிழ்த் தம்பி தங்கைகளுக்கு ஒன்று. முதல் வாரமே லாங்ஹவுஸுக்குப் போங்கள். முகப்பில் இருப்பவரிடம் வணக்கம் சொல்லி, உள்ளே பார்க்கலாமா என்று கேளுங்கள். நூலகம் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, என்ன படித்தாலும் உங்களுக்கு அங்கே ஒரு நூல் இருக்கும். உறைவிடப் பள்ளிகளில் இறந்த குழந்தைகளின் நினைவாக, செப்பு ஆணிகள் அடித்த கம்பம் ஒன்று 2017இல் வளாகத்தில் எழுந்தது. ஹைடா சிற்பி ஜேம்ஸ் ஹார்ட் செய்தது. அதையும் நின்று பாருங்கள்.

இந்த மடலை ஆங்கிலத்திலும் எழுதி, கிளம்புவதற்கு முன் நூலக மேசையில் கொடுத்துவிட்டுப் போகிறேன். பெயர் சொல்லாமல் விட்ட தச்சர்கள், சமையல்காரர்கள், காப்பகத்து ஆயாக்கள், இரவில் தரை துடைப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் அது.

நன்றியுடன்,
நூலகத்தில் வேலை பார்த்த ஒரு மாணவி