கையெழுத்துத் தாளை முதலில் நீட்டாதே

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ ஆய்வுப் படிப்பின் தகுதித் தேர்வில் தேறியதை அம்மா தேக்கா மார்க்கெட்டில் தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். "அரசியல் படிச்சு எம்.பி. ஆகப் போறாளா?" என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது என் வேலையாகிவிட்டது.

உன் ஆய்வுத் திட்டத்தைப் படித்தேன். புள்ளிவிவர முறை எனக்குப் புரியவில்லை. அது உன் நெறியாளர் பாடு. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் எந்த இனத்தார் எவ்வளவு பேர் இருக்கலாம் என்று உச்ச அளவு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச்சில் வந்ததும், இந்தியர், மற்றவர்களுக்கான உச்ச அளவு 2010-ல் வட்டாரத்தில் 12, புளோக்கில், அதாவது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில், 15 விழுக்காடாக உயர்ந்ததும் சரியாக இருக்கின்றன. வீட்டை விற்கிறவர் கதைதான் ரெண்டே வரி. ஒரு புளோக்கில் சீனர் அளவு நிரம்பிவிட்டால் நம்மவர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்குகிறவர் குறைந்தால் விலையும் குறையும். கொள்கையே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதுதான் உன் ஆய்வின் உயிர்.

அதற்கு ஆட்களிடம் பேசித்தான் ஆக வேண்டும். நீ அனுப்பிய சம்மதப் படிவமோ பக்கம் பக்கமாக ஆங்கிலம். கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களிடம் அதை நீட்டிக் கையெழுத்து கேட்டால், "வீவக ஆளா நீ?" என்று எழுந்து போய்விடுவார்கள். ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் வாய்மொழிச் சம்மதத்துக்கு அனுமதி கேள். தமிழில் வாசித்துக் காட்டு, பேச்சுத் தமிழில். அனுமதி வருமுன் யாரையும் பேட்டி எடுக்காதே, பிறகு அதை ஆய்வில் சேர்க்க விடமாட்டார்கள்.

இன்னொன்று. பெயரை மாற்றினால் போதும் என்று எழுதியிருக்கிறாய். போதாது. ஒரு புளோக்கில் நம்மவர் வீடுகளே கொஞ்சம். புளோக் எண்ணையும் மாடியையும் போட்டு "தமிழ்க் குடும்பம்" என்றும் எழுதினால், லிஃப்டில் ஏறுகிற சின்னப் பிள்ளைகூட யாரென்று சொல்லிவிடும். வட்டாரத்தோடு நிறுத்து. சில இடங்களில் அதுகூட வேண்டாம்.

தமிழ்ப் படிவத்தின் வரைவை முதலில் எனக்கு அனுப்பு. பக்கத்து வீட்டு மாமாவிடம் வாசித்துக் காட்டி, எங்கே முகம் சுளிக்கிறார் என்று பார்த்துச் சொல்கிறேன். அப்புறம், டிக்கெட்டைச் சீக்கிரம் எடு. பள்ளி விடுமுறையில் விலை ஏறிவிடும்.

அன்புடன்,
அப்பா