மார்கழியில கத்துற கம்ப்யூட்டர்

மாப்ள,

பத்து நாளா பதில் போடலன்னு திட்டாத. அம்மாவுக்கு கண்ணு ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் வீட்டுக்கு கூட்டிட்டு வந்தோம், கறுப்புக் கண்ணாடி மாட்டிகிட்டு ஹால்ல உக்காந்து எல்லாரையும் அதட்டிட்டு இருக்காங்க, அதனால நல்லாத்தான் இருக்காங்கன்னு வெச்சுக்க.

பிசி சத்தம் என்னாச்சுன்னு கேட்டியே, அது பெரிய கத. ஐப்பசி வரைக்கும் அது சத்தமே போடலன்னுதான் நெனச்சிட்டு இருந்தேன். மார்கழி குளிருக்கு ஒரு ராத்திரி சீலிங் ஃபேன ஆஃப் பண்ணேன் பாரு, சிபியு பொட்டிக்குள்ள ஒரு ரைஸ் மில்லே ஓடுது! பொட்டி எப்பவும் போலதான் கத்திட்டு இருந்திருக்கு, சீலிங் ஃபேன் காத்து சத்தம் அத முழுங்கிட்டு இருந்திருக்கு, அவ்ளோதான்.

உடனே நான் பண்ண முட்டாள்தனம், போய் பொட்டிக்கு கரண்ட் பிரிச்சுக் குடுக்குற எஸ்எம்பிஎஸ்ல விலை கூடினதா ஒண்ணு வாங்கி மாட்டுனது. ஒரு மாத்தமும் இல்ல. அப்புறம்தான் உக்காந்து படிச்சேன். சத்தத்த அளக்குற டெசிபல நம்ம மளிகை பில்லு மாதிரி கூட்டக் கூடாதாம்டா. 30 டெசிபல் ஃபேன் ரெண்டு ஓடுனா 60 இல்ல, 33தான். அதே மாதிரி பத்து ஓடுனாத்தான் 40, அப்பதான் நம்ம காதுக்கு ஏறக்கொறைய ரெண்டு மடங்கு சத்தம்னு தோணும். 30 கூட ஒரு 20 சேந்தா 30.4, அவ்ளோதான், அந்த 20அ தூக்கி வெளிய போட்டாலும் எவனுக்கும் தெரியாது. நான் காசு குடுத்து மாத்துனது அந்த 20அ. தவில் அடிக்கிற எடத்துல பக்கத்து சீட்டுக்காரன் பாக்கு மெல்றத நிறுத்தச் சொன்ன கதை.

நிஜமான தவில், கேம் படத்த வரையுற கிராபிக்ஸ் கார்டோட ஃபேன். ஃபேன் வேகத்த பாதியாக்குனா சுமார் 15 டெசிபல் எறங்கும்னு ஒரு கணக்கு இருக்கு, பாதி வரைக்கும் போகல, சூடு ஏறிடும், கொஞ்சம் கொறைச்சேன், அதுக்கே நல்லா அடங்குச்சு. அடங்குனதும் அடுத்த ஆள் வெளிய வந்தான். ஹார்டு டிஸ்க், நிமிஷத்துக்கு 7200 சுத்து, அதாவது செகண்டுக்கு 120, அந்த ம்ம்ம்ங்குற சத்தம் தகரத்துல ஏறி பொட்டியே அதிருது. ரப்பர் வெச்சதும் போச்சு.

அப்புறம் ரெண்டு கேபினட் ஃபேனும் சேந்து வ்வம்... வ்வம்...னு ஒரு அலை. உங்கப்பா தம்பூரா சுருதி சேக்கும்போது ரெண்டு தந்தியும் ஒட்டாம அலையுமே, அதேதான்டா! ஒண்ணு நிமிஷத்துக்கு 1200 சுத்து, இன்னொண்ணு 1230, ரெண்டுக்கும் 7 இறக்கை, செகண்டுக்கு எத்தன இறக்கை வீசுதுன்னு போட்டுப் பாத்தா 140, 143.5, வித்தியாசம் செகண்டுக்கு மூணரை தடவ ஏறி எறங்குது. தனித்தனியா ஓட விட்டா ரெண்டும் சாது. ஒண்ண நல்லா ஸ்லோ பண்ணி விட்டேன், அலை நின்னுச்சு.

எல்லாம் முடிஞ்சு நிம்மதியா சாஞ்சா, கீய்ய்ங்னு ஒரு கொசு. கிராபிக்ஸ் கார்டுல இருக்குற காயில், அதான் கம்பிச் சுருள், கரண்ட் ஓடும்போது அதிர்ற சத்தம், வாங்குன நாள்லேந்து இருந்திருக்கும் போல. டெசிபல் மீட்டர்ல பாத்தா ஒண்ணுமே இல்லாத அளவு, ஆனா மண்டைக்குள்ள ஊசி. நம்ம காது 2000லேந்து 5000 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு அத்தன அதிர்வு, வரைக்கும்தான் ரொம்ப கூர்மை, அடிச்சுருதி சத்தம் அதே அளவு இருந்தாலும் கம்மியாதான் ஒறைக்கும், அமெரிக்காவுல பெல் லேப்ஸ்ங்குற ஆராய்ச்சிக் கூடத்துல ஃப்ளெட்சர், மன்சன்னு ரெண்டு பேரு 1933லயே இத அளந்து கோடு போட்டு வெச்சிருக்காங்க. அதுவும் ஒரே சுருதியா இழுக்குற சத்தம்னா மனசு அங்கயே போய் ஒட்டிக்குது, மழை மாதிரி உஸ்ஸுன்னு வர்ற காத்து சத்தத்த பத்து நிமிஷத்துல மறந்துடுறோம்.

கடைசியா என்ன பண்ணேன் தெரியுமா, கேம்ல எஃப்பிஎஸ்ஸ, அதான் செகண்டுக்கு வர்ற படத்த, 60ல நிறுத்துனேன், கீச்சு பாதி கொறஞ்சுது. மீதி கீச்ச காத்து சத்தம் முழுங்கட்டும்னு, கொறைச்சு வெச்ச ஃபேன் வேகத்த மறுபடி கொஞ்சம் ஏத்திட்டேன்! மீட்டர்ல சத்தம் கூடிருக்கு, எனக்கு நிம்மதியா இருக்கு. இதுக்கா இத்தன நாளா பொட்டிய தொறந்து போட்டு உக்காந்தீங்கன்னு வீட்ல கேக்குறா, என்ன பதில் சொல்ல.

பொங்கலுக்கு வருவேல்ல, உன் காதால ஒரு தடவ கேட்டு சொல்லு. சீலிங் ஃபேன் மட்டும் போட விட மாட்டேன், போர்வை தர்றேன்.