டெர்ரியிலிருந்து அப்பாவுக்கு

டெர்ரி, வட அயர்லாந்து
2 ஏப்ரல் 2023

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போன ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிட்டார்கள். இனி நமக்குள் நாலரை மணி நேரம்தான் வித்தியாசம். குளிர் இன்னும் விட்டபாடில்லை.

நீங்கள் போனில் கேட்டதற்கு அன்றைக்கு மழுப்பிவிட்டேன். பக்கத்தில் அம்மா இருந்தாள். "1998ல் சமாதான ஒப்பந்தம் போட்டு 25 வருஷம் ஆகப்போகிறதே, இன்னும் எதற்கு போலீஸ்காரரைச் சுடுகிறார்கள்?" என்றீர்களே, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அம்மாவுக்கு வாசித்துக் காட்டும்போது பார்த்து வாசியுங்கள்.

டிவியில் நீங்கள் பார்த்த ஊர் ஓமா. இங்கிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம் போல ஆகும். பிப்ரவரி 22 அன்று, பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுத்து முடித்த போலீஸ் அதிகாரியை, அவருடைய மகன் கூட இருக்கும்போதே சுட்டார்கள். எப்படியோ உயிர் தப்பிவிட்டார். 'புதிய ஐ.ஆர்.ஏ.' பொறுப்பேற்றது. ஐ.ஆர்.ஏ. என்பது வட அயர்லாந்தை பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு சேர்க்க ஆயுதம் தூக்கிய இயக்கம். புதிய என்பது பத்திரிகைகள் வைத்த அடைமொழி. அவர்கள் தங்களை வெறும் ஐ.ஆர்.ஏ. என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். ஐ.ஆர்.ஏ. 2005லேயே ஆயுதங்களை ஒப்படைத்து முடித்துவிட்டதே என்று கேட்டால், அது விலை போன கூட்டம், நாங்கள்தான் அசல் என்பார்கள். 1986ல் ஒரு கோஷ்டி இப்படித்தான் பிரிந்தது. 1997 போர்நிறுத்தத்துக்குப் பிறகு இன்னொன்று பிரிந்தது, அதற்குப் பெயரே 'ரியல்' ஐ.ஆர்.ஏ. அதன் மிச்சமும் வேறு சில குழுக்களும் 2012ல் சேர்ந்ததுதான் இந்தப் 'புதிய'. ஒப்பந்தத்தை ஏற்காத இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து இங்கே டிசிடென்ட் என்று ஒரே சொல். அயர்லாந்து விடுதலைப் போரின் தலைவர் மைக்கேல் காலின்ஸையே 1922ல் பழைய தோழர்கள்தான் சுட்டார்கள் என்பதால், இந்தச் சண்டைக்கு வயது அதிகம்.

ஜனங்களைக் கேட்கவில்லையா என்றால், கேட்டார்கள். 1998 மே வாக்கெடுப்பில் இந்தப் பக்கம் 71 சதவீதமும் எல்லைக்கு அந்தப் பக்கம் அயர்லாந்துக் குடியரசில் 94 சதவீதமும் ஒப்பந்தத்துக்குச் சரி என்றார்கள். அந்த ஓட்டு எங்களைக் கட்டுப்படுத்தாது என்பதுதான் இவர்கள் வாதம். ஓட்டுப் போட்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை, ஆகஸ்ட் 15, சனிக்கிழமை, ஓமா கடைத்தெருவில் ரியல் ஐ.ஆர்.ஏ. கார் குண்டு வைத்தது. நீதிமன்றம் பக்கம் என்று போனில் தவறாக எச்சரித்ததால், போலீசார் கூட்டத்தை அங்கிருந்து நகர்த்தி, தெரியாமல் குண்டுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். 29 பேர் போனார்கள். ஒரு தாயின் வயிற்றில் இரட்டைக் குழந்தைகள்.

போன மாதம் லீவில் அங்கே போனேன். நினைவுத் தோட்டத்தில் 31 சின்னக் கண்ணாடிகள் வைத்திருக்கிறார்கள், அந்த இரட்டையரையும் சேர்த்த கணக்கு. சூரிய ஒளி அவற்றில் பட்டு, குண்டு வெடித்த தெருவில் நிற்கும் கண்ணாடித் தூணுக்குப் போய்ச் சேருமாம். நான் போன அன்று வெயிலே இல்லை. கொலைக்கு இதுவரை ஒருவருக்கும் கிரிமினல் தண்டனை கிடையாது. விசாரணை ஆணையம் அமைக்கிறோம் என்று அரசு இந்தப் பிப்ரவரியில்தான் சொல்லியிருக்கிறது.

எதிர்த் தரப்பும் சளைத்ததில்லை. பிரிட்டனோடுதான் இருப்போம் என்கிற லாயலிஸ்ட் அணியிலிருந்து 1996ல் பிரிந்த எல்.வி.எஃப். என்ற ஆயுதக் குழு, 1998 மார்ச்சில் பாயின்ட்ஸ்பாஸ் என்ற கிராமத்து பாரில் இரண்டு நண்பர்களைச் சுட்டது. ஒருவர் கத்தோலிக்கர், மற்றவர் புராட்டஸ்டன்ட். ஒருவருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, மற்றவர்தான் மாப்பிள்ளைத் தோழனாம்.

இதையெல்லாம் விட எனக்கு ஆறவே ஆறாதது வேறு. கஞ்சா விற்றான், திருடினான் என்று தங்கள் பேட்டைப் பையன்களுக்கு இந்தக் குழுக்களே 'தண்டனை' கொடுக்கின்றன. முழங்காலில் சுடுவார்கள். அதற்கு நேரமும் இடமும் சொல்லியனுப்புவார்கள், அப்பா. வராவிட்டால் இன்னும் மோசமாகும் என்று பெற்றவர்களே வலி மாத்திரை கொடுத்துக் கூட்டிப்போய் விடுகிறார்கள். அப்படி ஒரு காலுக்கு நானும் கட்டு மாற்றியிருக்கிறேன். யார் என்னவென்று எழுதக் கூடாது. அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமல் தரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போலீசில் சொல்லலாமே என்று கேட்க வாயெடுத்தேன், சீனியர் நர்ஸ் கண்ணாலேயே அடக்கிவிட்டார்.

பயமாக இருக்கிறதா என்பீர்கள். நிஜமாகவே இல்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ஆற்றுப் பாலத்தில் தனியாக நடந்து வருகிறேன். வெளியூர்க்காரர்களை அவர்கள் தேடுவதில்லை, அவர்கள் தேடுவது காக்கிச் சட்டையை. இங்கே அது பச்சை, சரி.

என்னோடு வேலை செய்யும் ஒருவரின் கணவர் போலீஸ். அவருடைய யூனிஃபார்மை வெளிக்கொடியில் உலர்த்தவே மாட்டார்களாம். அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று கேட்டால் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு பதில் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். போன செவ்வாய் அரசாங்கம் பயங்கரவாத அபாய அளவைக் கூட்டியதிலிருந்து என்னோடு வேலை செய்பவர் வண்டியை எடுக்குமுன் குடையைக் கீழே வைத்துவிட்டு, ஈரத்தரையில் மண்டியிட்டு, அடியில் டார்ச் அடித்துப் பார்க்கிறார். பிறகு எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டு, "ஏறு" என்கிறார்.

மழை நாட்களில் நான் அந்தக் காரில்தான் வேலைக்குப் போகிறேன். இந்த ஒரு பத்தியை மட்டும் அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம்.

உங்கள் சின்னவள்