தாத்தாவுக்குக் கோடிக்கணக்கில் படி

காட்பாடி,
ஞாயிறு மாலை

அன்புள்ள சேகர்,

ஆறு மாதமாக வாய் திறக்காதவன் திடீரென்று எழுதினால் ஏதோ காரியம் ஆகவேண்டும் என்றுதானே நினைப்பாய்? அதேதான். அம்மா நலம். வெயிலைப் பற்றி எழுதமாட்டேன்.

நான் எஸ்கியூஎல் படிக்கிறேன், டேட்டாபேஸோடு பேசும் மொழி. சிரித்து முடித்தாயா? எங்கள் ஷூ கம்பெனிக் கணக்கெல்லாம் எஸ்கியூஎல் சர்வருக்குப் போய்விட்டது. எக்செல்லை மட்டும் வைத்துக்கொண்டு இனி ஓட்ட முடியாது.

போன வாரம் கர்சர் எழுதிப் பார்த்தேன். டேபிளில் இருப்பவர்களை வரிசையாக ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வேலை செய்யும் வழி அது. பயிற்சிக்கு எடுத்துவைத்த நகல் டேபிளில் 212 பேர். ஒவ்வொருவரின் படித்தொகையிலும் (அலவன்ஸ்) 50 ரூபாய் கூட்டவேண்டும். கர்சருக்குப் பெயர் வைக்க டிக்ளேர், திறக்க ஓப்பன், ஆளைக் கூப்பிட ஃபெட்ச் நெக்ஸ்ட், அப்புறம் அதையே திரும்பத் திரும்பச் செய்ய வொய்ல் லூப். ஓடவிட்டு டீக்குப் போனேன். திரும்பி வந்தும் ஓடிக்கொண்டே இருக்கிறது. நிறுத்திப் பார்த்தால், முதல் வரிசையில் இருந்த, எங்கள் கட்டிங் பிரிவுத் தாத்தாவின் படி கோடியைத் தாண்டியிருந்தது. மற்ற 211 பேருக்குப் பைசா ஏறவில்லை. லூப்புக்கு வெளியே ஒரு ஃபெட்ச் போட்டவன், உள்ளே இன்னொன்று போட மறந்துவிட்டேன். ஆள் கிடைத்தால் ஃபெட்ச் ஸ்டேட்டஸ் என்ற எண் 0, வரிசை தீர்ந்தால் -1. அது 0 ஆக இருக்கும்வரை லூப் ஓடும். அடுத்த ஆளைக் கூப்பிடவே இல்லை என்றால் அது எங்கே மாறும்? தாத்தாவுக்கே திரும்பத் திரும்பப் பட்டுவாடா. ரேஷன் கடை வரிசையில் நம் குண்டு பாபு நகராமல் நின்ற மாதிரி.

திருத்தி ஓட்டினேன். 16915 என்று ஒரு பிழை. இந்தப் பெயரில் கர்சர் ஏற்கெனவே இருக்கிறதாம். புது விண்டோவில் ஓட்டினால் ஓடியது. ஜெயித்துவிட்டேன் என்று குதித்தேன். அதே விண்டோவில் இரண்டாம் தடவை ஓட்டினால் மறுபடியும் 16915! கடைசி வரியில் கர்சரை மூடும் குளோஸ் இருக்கிறதே என்று இரவெல்லாம் மல்லுக்கட்டினேன்.

விடியற்காலை நடக்கப் போனபோது வேலூர்க் கோட்டைக் கோயில் வாசலில்தான் உறைத்தது. 1981-க்கு முன்னால் சாமி சத்துவாச்சாரியில் இருந்தார், இங்கே கருவறை காலி. உன் தாத்தா 'சாமியில்லாக் கோயில்' என்று சொல்லிச் சிரிப்பாரே! அப்போதும் இது ஜலகண்டேஸ்வரர் கோயில்தான். குளோஸ் செய்வதும் அவ்வளவுதான். உள்ளே இருப்பதைக் காலி செய்யும், பெயரை விடாது. பெயரையும் விடுவிக்க டீஅலொகேட் என்று தனியாக ஒரு வரி வேண்டும்.

இதையெல்லாம் பெருமையாகச் சொன்னதும், புதிதாகச் சேர்ந்த பெண் ஒரே ஒரு அப்டேட் வரி எழுதினாள். கர்சர் இல்லை, லூப் இல்லை, 212 பேருக்கும் நொடியில் 50 ஏறிவிட்டது. அவள் சிரிக்கவில்லை, சேகர். சிரித்திருந்தால் திட்டியிருப்பேன். 'போகப் போக வந்துடும் சார்' என்றாள். 46 வயதில் அதைக் கேட்டுவிட்டு பஸ்ஸில் வந்தபோது யாரோடும் பேசப் பிடிக்கவில்லை.

உனக்கு இதே பிழைப்பு. கர்சர் எப்போதுதான் வேண்டும் என்று பதில் போடு. அடுத்த முறை வரும்போது ஒரு நாள் எனக்காக உட்கார். கூலி, ஆற்காடு மக்கன் பேடா அரைக் கிலோ.

நகல் டேபிளை இன்னும் அழிக்கவில்லை. தாத்தாவிடம் காட்டினேன். எப்போது கைக்கு வரும் என்று தினமும் கேட்கிறார்.

உன்,
ரவி