குகைக் கயிற்றுக்கு ஒரு கடைசல் ரீல்

ஓசூர்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

அன்புள்ள செல்வத்துக்கு,

உன் கடிதமும் அதனுடன் வந்த அளவுப் படமும் கிடைத்தன. மெக்சிகோவின் யுகடான் பகுதிக்குக் குகை முக்குளிப்புப் பயிற்சிக்காகச் செல்லவிருக்கிறாய் என்று படித்து மகிழ்ந்தேன். கருங்கல் பூமியில் பிறந்த நமக்கு, தண்ணீருக்குள் நீளும் சுண்ணாம்புக் குகை புதுமைதான். இங்கே அனைவரும் நலம். மாமரங்கள்தாம் இந்த ஆண்டு ஏமாற்றிவிட்டன.

வழிகாட்டிக் கயிற்றுக்கான ரீலைப் பட்டறையில் கடைந்துகொண்டிருக்கிறேன். ஆனால் நீ வரைந்திருந்த பல்சக்கரப் பூட்டை நான் வைக்கப்போவதில்லை. 1979-இல் அமெரிக்கக் குகை முக்குளிப்பாளர் ஷெக் எக்ஸ்லி குகை முக்குளிப்பு விபத்துகளை ஆராய்ந்து, திறந்த நீர்வரை அறுபடாமல் நீளும் கயிறு இல்லாமையை முதன்மையான காரணங்களுள் ஒன்றாகக் காட்டினார் என்பது உனக்குத் தெரியும். வண்டல் கலங்கிக் கை தெரியாத நேரத்தில் தடவிக்கொண்டே வெளியேறுவதற்கான அந்தக் கயிற்றைச் சுமக்கும் கருவியில், மணல் புகுந்தால் முதலில் இறுகிப்போகும் சுருள்வில்லும் சிறு பல்லும் எதற்கு? விரலால் இறுக்கும் ஒரு திருகு போதும். அது முழுவதும் கழன்று விழாதபடி முனையில் ஒரு பின் அடித்துவிடுகிறேன்.

என் கவனமெல்லாம் உருளையின் விளிம்புக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள இடைவெளியில்தான் இருக்கிறது. 24 ஆம் எண் பின்னல் நைலான் கயிறு ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமன் உடையது என்றாலும், இழுவிசையில் தட்டையாகி அதைவிடக் குறுகிய சந்திலும் நுழைந்துவிடும். நுழைந்து அச்சில் சுற்றிக்கொண்டால் நீருக்கடியில் அதைப் பிரிப்பது பெரும்பாடு. ஆகவே அரை மில்லிமீட்டருக்குமேல் விடுவதாக இல்லை. இத்தனை நெருக்கத்தில் நைலானால் உருளை கடைந்தால் அது நீரை உறிஞ்சி உப்பிச் சட்டத்தில் உராயும் என்பதால், மிகக் குறைவாகவே உறிஞ்சும் டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கை எடுத்திருக்கிறேன். சட்டமும் அச்சும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். அலுமினியம் எடை குறைவுதான். ஆனால் புதுச்சேரிக் கடலுக்கும் இதையே கொண்டுபோவாய், உப்புநீரில் ஸ்டீலை ஒட்டியிருக்கும் அலுமினியம் அரித்துப்போகும்.

உருளையின் நடுத்தண்டை 50 மில்லிமீட்டராகக் குறித்திருந்தாய். நான் 80 ஆக்கிவிட்டேன். உன் அளவில் முதல் அடுக்கின் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 16 சென்டிமீட்டர் கயிறே ஏறும், என் அளவில் 25 சென்டிமீட்டர் ஏறும். திரும்பி வரும்போது தளர்வின்றிச் சுற்றிக்கொண்டே நீந்த வேண்டிய கைக்கு இந்த வேறுபாடு புரியும். தருமபுரிப் பக்கம் பட்டு நூற்பவர்கள் இழையின் இழுப்பைத் தளரவிடாமல் காப்பதைப் பார்த்திருக்கிறாய் அல்லவா, அதே பழக்கம்தான் இதற்கும் வேண்டும்.

கயிற்றை நீயே வாங்கிக்கொள். இங்குள்ள கடைகளில் மலிவாகக் கிடைக்கும் பாலிபுரொப்பிலீன் மிதக்கும். குகையின் கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும் கயிறு உனக்கு ஆகாது. 3 மீட்டருக்கு ஒரு முடிச்சு இட்டு, நனைத்தபின் சுற்று. விளிம்புவரை நிரப்பாதே, ஏனெனில் நீருக்குள் அவசரமாகச் சுற்றிய கயிறு கூடுதல் இடம் பிடிக்கும். குகைக்குள் கயிறு இட்டுச் செல்லும் முதன்மை ரீலாக 120 மீட்டர் வேண்டுமா, அவசரத்துக்கு உடன் வைத்திருக்கும் பாதுகாப்பு ரீலாக 45 மீட்டர் போதுமா என்பதை மட்டும் உடனே எழுது. உருளையின் அகலத்தை அதன்பிறகே வெட்டுவேன். கையுறை அணிந்த உன் உள்ளங்கையின் அகலத்தையும் குறித்து அனுப்பு, கைப்பிடியை அதற்கேற்ப வளைத்துவிடுகிறேன்.

அன்புடன்,
மாதேஷ்